கீழத்தெரு குழு: 9 அடியா, 10 அடியா?

கீழவீட்டுத் தம்பி, இரவு 7:42
பிக்கப் எடுக்கிறதுன்னு முடிவாயிருச்சு. ஷோரூம்ல ரெண்டு காட்டுறாங்க. இன்ஜின் ஒண்ணுதான், பாடி மட்டும் ஒண்ணு 9 அடி, இன்னொண்ணு 10 அடி. பெருசையே எடுங்க, எதுக்கும் ஆகும்கிறாங்க. எடுத்துறவா?

டைல்ஸ் அண்ணன், 7:44
என்ன ஏத்தப் போற, அதை முதல்ல சொல்லு.

கீழவீட்டுத் தம்பி, 7:45
பத்து நடையில ஏழு நடை ஆத்தங்குடிக் கல்லுண்ணே, தரைக்குப் போடுற டைல்ஸ். மிச்சம் பிவிசி பைப், பிளைவுட், பழைய கதவு நிலை.

டைல்ஸ் அண்ணன், 7:51
அப்ப 9 போதும். கல்லு இடத்தை அடைக்காது, எடையைத்தான் அடைக்கும். முக்கால் அங்குல கனத்துல சதுர அடிக்கு 4 கிலோவுக்கு மேல வரும். 8 அங்குலக் கல்லு ஒன்பது சேர்ந்தா 4 சதுர அடி. 400 சதுர அடின்னா 900 கல்லு, கிட்டத்தட்ட 1640 கிலோ. 1.7 டன் ஏத்துற வண்டிக்கு அதோட சரி. நெட்டுக்குத்தா நிறுத்தி 8 வரிசை, ஒரே அடுக்குன்னா கேபின் பக்கத்துல இருந்து ஏழரை அடியில முடிஞ்சிரும். 9 அடியிலயே ஒன்றரை அடி காலி. 10 அடி எடுத்தா இரண்டரை அடி காலி.

கீழவீட்டுத் தம்பி, 7:52
காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டுமேண்ணே?

பட்டறை பாய், 7:53
காலியா விட மாட்டீங்க தம்பி. சிக்கலே அதான்.

பட்டறை பாய், 8:04
கணக்கு சொல்றேன். எளிசா இருக்க வீல்பேஸ், அதாவது முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம், 10 அடின்னு வச்சுக்குங்க. கேபின் சுவர்ல இருந்து பின் ஆக்ஸில் (பின் சக்கர அச்சு) 5 அடி. கல்லு ஏழரை அடிக்குப் பரவினா அதோட நடு மூணே முக்கால் அடியில விழும், அதாவது ஆக்ஸிலுக்கு ஒண்ணேகால் அடி முன்னாடி. 1640 கிலோவுல 200 கிலோ போல முன் சக்கரத்துக்குப் போகும். வண்டி தரையில உக்காந்து ஓடும்.
இடம் கிடக்கேன்னு அதை ஒட்டிப் பின்னாடி ரெண்டு அடியில இன்னும் 100 சதுர அடி வைக்கிறீங்க. 410 கிலோ, ஆக்ஸிலுக்கு மூணரை அடி பின்னாடி. அது முன் பக்கத்துல இருந்து 140 கிலோவைத் தூக்கிரும். முன்னாடி போன 200-ல மிச்சம் 60. பின் ஆக்ஸில் தாங்குறது 410 இல்லை, 550.
ஸ்டீயரிங் லேசாயிரும். ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும். மழை ரோட்டுல பிரேக் பிடிச்சு ஒடிச்சா மூக்கு திரும்பாது.

ஹூஸ்டன் மாப்ளே, 8:09
இங்கயும் இதே கேள்விதான் மாமா, ஆனா பதில் வேற. ஃபோர்ட் எஃப்-250 பிக்கப், கிரூ கேப்ல (நாலு கதவு கேபின்) ஷார்ட் பெட் ஆறே முக்கால் அடி, லாங் பெட் 8 அடி. நம்மூர்ல பாடிங்கிறதைத்தான் இங்க பெட்ங்கிறாங்க. லாங் பெட் எடுத்தா வீல்பேஸும் 160 அங்குலத்துல இருந்து 176 ஆகும். பெட் எவ்வளவு நீளுதோ கிட்டத்தட்ட அவ்வளவு வீல்பேஸும் நீளுது. அதனால பின் சக்கரத்துக்குப் பின்னாடி தொங்குற நீளம் அதிகமாகாது. திருப்புறதுக்குத்தான் இடம் நிறைய வேணும்.

பட்டறை பாய், 8:11
மாப்ளே சரியா பிடிச்சாரு. தம்பி, நீங்க கேக்க வேண்டியதும் அதான். கூடுற ஒரு அடிக்கு வீல்பேஸும் கூடுதா, இல்லை அதே சேஸிக்கு (அடிச்சட்டம்) வால் மட்டும் நீளுதா? ரெண்டு வண்டிக்கும் வீல்பேஸ் ஒண்ணுன்னா அந்த ஒரு அடி முழுக்க வாலுதான்.

டைல்ஸ் அண்ணன், 8:12
மாப்ளே, 8 அடி பிளைவுட்டை ஷார்ட் பெட்ல எப்படி ஏத்துவாங்க?

ஹூஸ்டன் மாப்ளே, 8:15
பின் கதவை இறக்கிவிட்டு அது மேல சாய்ச்சுதான். இங்க பெட்டுக்குள்ள ரெண்டு பக்கமும் சக்கர மேடு துருத்திக்கிட்டு நிக்கும். நடுவுல 4 அடி பலகை படுக்கிற அகலம் இருக்கும், நீளந்தான் இடிக்கும். லாங் பெட் வாங்குறவங்க நிறையப் பேர் ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர், அதாவது பெட்டுக்குள்ளயே கொக்கி மாட்டி இழுக்கிற ட்ரெய்லர், இழுக்கத்தான். ஷார்ட் பெட்ல அதை மாட்டி ஒடிச்சுத் திருப்பினா ட்ரெய்லர் மூலை கேபின் கண்ணாடியில இடிக்கும். பின்னாடி தள்ளிப் போற கொக்கி, ஸ்லைடர் ஹிட்ச், போடணும்.

பட்டறை பாய், 8:16
நம்மூர் பிக்கப்புல தளம் சக்கரத்துக்கு மேலயே இருக்கு, மேடு கிடையாது. 8க்கு 4 பலகை ரெண்டு பாடியிலயும் கதவை மூடியே படுக்கும்.

கீழவீட்டுத் தம்பி, 8:18
பைப்பு பாய்?

பட்டறை பாய், 8:22
3 மீட்டர் பைப்புன்னா பத்தடி பாடியில (உள் நீளம் 3050 மி.மீ. இருந்தா) நேராப் போகும், கதவும் மூடும். 9 அடியில நேரா போகாது. ஆனா 1.7 மீட்டர் அகலம் இருந்தா மூலைக்கு மூலை 3.2 மீட்டர் வரும், குறுக்கப் படுக்கும். பத்துப் பதினஞ்சு பைப்புக்கு அது சரி. நூறு பைப்புன்னா சரிப்படாது. 6 மீட்டர் பைப்பு, கம்பி ரெண்டு வண்டிக்கும் ஆகாது, அந்தப் பேச்சே வேண்டாம்.

கீழவீட்டுத் தம்பி, 8:23
கம்பியை நடுவுல மடக்கித்தானே எல்லாரும் கொண்டு போறாங்க?

இன்சூரன்ஸ் சார், 8:31
12 மீட்டர் கம்பியை மடக்கினாலும் 6 மீட்டர் தம்பி. கதவைத் தாண்டி நீட்டக் கூடாது. முன்னாடி பின்பக்கம் ஒரு மீட்டர் வரை நீட்டலாம்னு விதியில இருந்துச்சு, 2014-ல எடுத்துட்டாங்க. சிவப்புத் துணி கட்டிட்டாப் போதும்ங்கிறது இன்னும் ஊர்ல ஓடுற கதை. இப்ப பிரிவு 194(1A) படி 20,000 ரூபாய், நீட்டின சரக்கையும் இறக்கணும். அளவுக்கு மேல எடை ஏத்தினா 20,000, அதோட அளவைத் தாண்டின ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.
இன்னொண்ணு, வண்டியோட மொத்த எடை, அதாவது சரக்கோட சேர்த்து ஆர்.சி.யில போட்டிருக்கிறது, 3000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் வேண்டாம். 1.7 டன் ஏத்துற வண்டி பெரும்பாலும் அதைத் தாண்டும், பெர்மிட் செலவையும் கணக்குல சேர்த்துக்க. லைசென்ஸ்ல பிரச்சினை இல்லை. 7500 கிலோ வரைக்கும் எல்எம்வி (இலகு வாகன லைசென்ஸ்) போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு.

கீழவீட்டுத் தம்பி, 8:33
9 எடுத்துட்டு அப்புறமா பட்டறையில ஒரு அடி நீட்டிக்கிட்டா?

இன்சூரன்ஸ் சார், 8:34
ஆர்.சி. அளவு ஒண்ணு, வண்டி அளவு ஒண்ணுன்னா எஃப்.சி.யில (தகுதிச் சான்று சோதனை) நிக்கும். விபத்துன்னா க்ளெய்மும் இழுக்கும். பின் ஆக்ஸிலுக்குப் பின்னாடி தொங்குறது வீல்பேஸ்ல 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுன்னு வேற விதி இருக்கு. பாய் கணக்குப்படி 6 அடி.

பட்டறை பாய், 8:40
என் பட்டறையில நீட்டித் தர மாட்டேன் தம்பி.
ஸ்பிரிங் பட்டை ஒண்ணு கூட்டிட்டா ஆச்சுன்னு சொல்வாங்க, அதையும் கேக்காதீங்க. பட்டை கூட்டினா வண்டி தொய்யாது, அவ்வளவுதான். எடை ஆக்ஸில் ஹவுசிங்குக்கும் (ஆக்ஸிலோட கூடு) பேரிங்குக்கும் அப்படியேதான் போகும். பின்னாடி எல்எஸ்பிவி வால்வு இருக்கிற வண்டின்னா இன்னும் மோசம். பாடி எவ்வளவு தாழ்ந்திருக்குங்கிறதை வச்சுத்தான் அந்த வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தம் விடும். பட்டை கூடி வண்டி நிமிர்ந்து நின்னா, காலி வண்டின்னு நினைச்சு பின் பிரேக்கைக் குறைச்சிரும். ஒன்றரை டன் சரக்கோட.

வளவு வீட்டு ஆச்சி, 8:46
என் வளவுக்கு 600 சதுர அடி கல்லு சொல்லியிருக்கேனே அப்பா, ஒரே நடையில வந்துருமா?

டைல்ஸ் அண்ணன், 8:47
ரெண்டு நடை ஆச்சி. 300, 300.

வளவு வீட்டு ஆச்சி, 8:49
சரி. பின் தெரு வாசல்லயே இறக்கிருங்க. முன் வாசல்ல திண்ணைப் படியை ஏற்கெனவே ஒரு வண்டி இடிச்சு வச்சிருக்கு.

பட்டறை பாய், 8:52
ஆச்சி சொல்றதுல விஷயம் இருக்கு. வால் நீண்ட வண்டி வலது பக்கம் ஒடிச்சா பின் மூலை இடது பக்கம் வீசும். டிரைவர் கண்ணு வலது பக்கம் இருக்கும். திண்ணைப் படி, லைட் கம்பம் அடி வாங்குறது அப்படித்தான். நம்ம முன் தெருவெல்லாம் நேர்க்கோடு, பயமில்லை. பின் சந்துல திருப்பி ரிவர்ஸ் எடுக்கறப்பதான் அந்த ஒரு அடி தெரியும்.

டைல்ஸ் அண்ணன், 8:58
ஏத்துறதையும் சொல்லிர்றேன். கல்லைப் படுக்க வச்சு அடுக்காத, ரோட்டுக் குலுக்கல்ல அடிக்கல்லு தெறிச்சிரும். நெட்டுக்குத்தா, கலர் முகமும் கலர் முகமும் பார்த்த மாதிரி, நடுவுல காஞ்ச வைக்கோல். நனைஞ்ச வைக்கோல் வேண்டவே வேண்டாம், கறை கல்லுல இறங்கிரும். கேபின் சுவர்ல பலகை கொடுத்து அங்க இருந்து ஆரம்பி. கடைசி வரிசைக்குப் பின்னாடி குறுக்குக் கட்டை வச்சு மணல் மூட்டையால முட்டுக் கொடு. சும்மா விட்டா பிரேக் போடுறப்ப ஒண்ணும் ஆகாது, மேட்டுல ஏறுறப்ப மொத்த வரிசையும் பின்னாடி சாயும்.

கீழவீட்டுத் தம்பி, 9:03
பழைய தேக்குத் தூண் 10, 11 அடி வந்தா?

டைல்ஸ் அண்ணன், 9:04
மாசத்துக்கு ஒரு தூணுக்காக தினமும் ஒரு அடி வாலைச் சுமக்காத. அன்னைக்கு மட்டும் 14 அடி வண்டியை வாடகைக்குப் பிடி.

பட்டறை பாய், 9:10
பந்தல் சாமானோ பைப்போ முக்காவாசி நடைன்னா நானே 10 எடுங்கன்னு சொல்வேன். லேசான, நீளமான சரக்குக்குத்தான் அது. அப்பவும் சைடு கதவு நடுவுல ஒரு தூண் இருக்கான்னு பாருங்க. ஒரே நீளக் கதவுன்னா ஆறு மாசத்துல வயிறு தள்ளும்.

கீழவீட்டுத் தம்பி, 9:12
சரி பாய். நாளைக்கு டேப்போட போறேன். என்னென்ன அளக்கணும்?

பட்டறை பாய், 9:17
ரெண்டு வண்டியிலயும் மூணு அளவு. முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு. கேபின் சுவர்ல இருந்து பின் சக்கர நடு. அங்க இருந்து பின் கதவு. பாடி நீளத்தை உள்பக்கமா எடுங்க, வெளிய எடுத்தா தகடு கனமும் சேர்ந்துரும்.
வண்டி வந்ததும் காலியா எடை மேடைக்குக் கொண்டு போய் முன் சக்கரம் மட்டும் ஏத்தி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் ஒரு சீட்டு வாங்கி வைங்க. முதல் கல்லு லோடுக்கும் அதே மாதிரி. காலியில இருந்ததை விட முன் எடை குறைஞ்சிருந்தா, மணல் மூட்டை வரைக்கும் பிரிச்சுட்டு முன்னாடி தள்ளி அடுக்குங்க.

கீழவீட்டுத் தம்பி, 9:18
சரி பாய். ஆச்சி, உங்க 300-தான் முதல் லோடு.

வளவு வீட்டு ஆச்சி, 9:20
காஞ்ச வைக்கோல் பார்த்துப் போடு அப்பா.