33 அங்குல டயருக்குத் தார் வண்டியை எவ்வளவு உயர்த்த வேண்டும்: 2 அங்குலமா, 4 அங்குலமா?

மேட்டுப்பாளையத்தான்:
என்னிடம் இருப்பது 2021 மஹிந்திரா தார், டீசல். கம்பெனி கொடுத்த 255/65 R18 டயர்கள் தேய்ந்துவிட்டன. அடுத்து 285/70 R17 போடலாம் என்று இருக்கிறேன். 33 அங்குலம் என்று கடையில் சொல்வது அதைத்தான். ஒரு கடையில் 2 அங்குல லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் பாகங்களின் தொகுப்பு) போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் 4 அங்குலம் உயர்த்தாமல் அந்த டயர் உள்ளே திரும்பவே திரும்பாது என்று அடித்துச் சொல்கிறார்கள். வாரநாட்களில் வண்டி அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஓடுகிறது. விடுமுறையில் நண்பரின் எஸ்டேட் பாதை. கல் ஏற்றம் நிறைய. யார் சொல்வதைக் கேட்பது?

கரும்பாறை:
4 அங்குலமே போடுங்கள். கல் ஏற்றம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மேட்டின் உச்சியில் முன் சக்கரம் இறங்கிப் பின் சக்கரம் ஏறாமல் நிற்கும்போது இடிப்பது வண்டியின் வயிறுதான். தாருக்குக் கம்பெனி சொல்லும் நடுக்கோணம், அதாவது வயிறு இடிக்காமல் கடக்கக்கூடிய மேட்டின் கோணம், 27 டிகிரி, சக்கர இடைத்தூரம் 2450 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 அங்குலம் உயர்த்தினால் கோணம் ஏறக்குறைய 31. 4 அங்குலத்தில் 35-ஐத் தொடும். டயரால் கிடைக்கும் உயரம் இதற்கு மேல் தனி. 2 அங்குலம் போட்டுவிட்டு, போதவில்லை என்று மறுபடியும் கிட் வாங்கி இரட்டைச் செலவு செய்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அச்சாணி:
கோணக் கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் கேட்டது டயர் உரசுமா என்பதை. அதற்கு 4 அங்குலம் விடை இல்லை.

முதலில் டயரை அளப்போம். முதல் எண் மி.மீ.யில் அகலம், அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, R-க்குப் பின்னால் வருவது ரிம்மின் அங்குலம். 255/65 R18-இன் விட்டம் 789 மி.மீ. 285/70 R17-இன் விட்டம் 831 மி.மீ. வித்தியாசம் 42. சக்கரத்தின் மையத்திலிருந்து மேல்நோக்கி அதிகமாவது அதில் பாதி, 21 மி.மீ. ஓர் அங்குலம்கூட இல்லை. இதற்காக 100 மி.மீ. தூக்குவது எந்தக் கணக்கு?

அடுத்தது, பலரும் தவறவிடும் இடம். சமதளத்தில் நிற்கும் வண்டியின் மட்கார்டுக்குள் கையை விட்டுப் பார்த்து "இடம் தாராளம்" என்கிறோம். ஒரு சக்கரம் பாறையில் ஏறி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது டயர் எதுவரை மேலே போகும் என்பதை நிர்ணயிப்பது பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் கட்டை. ஸ்பிரிங்கை 2 அங்குலம் உயர்த்தினாலும் 4 அங்குலம் உயர்த்தினாலும், பம்ப் ஸ்டாப்பை நீட்டாதவரை டயர் போய் நிற்கும் உச்சி மாறாது. உரசுகிற டயர் இரண்டிலும் உரசும்.

மூன்றாவது, ரிம்மின் ஆஃப்செட், அதாவது ரிம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு தள்ளி அமர்கிறது என்பது. டயரின் அகலம் 30 மி.மீ. கூடுகிறது. ரிம் உள்ளே தள்ளியிருந்தால் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது சஸ்பென்ஷன் கைகளில் உரசும். வெளியே தள்ளியிருந்தால் டயர் பெரிய வட்டத்தில் சுற்றி வந்து பம்பரின் ஓரத்திலும் மட்கார்டின் பின்மூலையிலும் இடிக்கும். இதையெல்லாம் பார்க்காமல் லிஃப்ட் உயரத்தை மட்டும் பேசுவதில் பயனில்லை.

கரும்பாறை:
பம்ப் ஸ்டாப்பை நீட்டாமல் 4 அங்குலம் போடச் சொன்னேனா? நல்ல கிட் என்றால் அதுவும் சேர்ந்தே வரும். சஸ்பென்ஷனின் மொத்தப் பயணம் குறையாமல் பம்ப் ஸ்டாப்பை நீட்ட வேண்டுமானால் உயரம் வேண்டும். 2 அங்குல வண்டியில் அதை நீட்டினால் மேல்நோக்கிய பயணம் சுருங்கி, ஒவ்வொரு குழியிலும் முதுகு வாங்கும். உயர்த்துவதன் பயனே அங்கேதான் இருக்கிறது.

அச்சாணி:
நல்ல வாதம். முன்பக்கமும் பின்பக்கமும் இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றை ஆக்சில் உள்ள ராங்லருக்கோ ஜிம்னிக்கோ நானும் ஓரளவு ஒப்புக்கொள்வேன். புதிய தாரில் பின்பக்கம்தான் அப்படி. முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைத் தாங்கும் V வடிவக் கைகள்), தனித்தனி சஸ்பென்ஷன். அங்கே டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) சேஸிஸோடு மேலே போய்விடும். சக்கரம் கீழேயே நிற்கும். இரண்டையும் இணைக்கும் ஆக்சில் தண்டு சாய்ந்தபடியே சுழல வேண்டும். சாய்வு கூடக் கூட அதன் மூட்டிலுள்ள ரப்பர் உறையின் மடிப்புகள் ஒன்றோடொன்று தேய்ந்து கிழியும். முதல் அடையாளம் ரிம்மின் உட்பக்கத்தில் வட்டமாகத் தெறித்திருக்கும் கறுப்பு கிரீஸ். அதன் வழியே மணலும் தண்ணீரும் புகுந்தால் திருப்பத்தில் கடகடவென்று சத்தம் கேட்கும். அதற்குப்பின் மூட்டையே மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஸ்பிரிங்கை மாற்றாமல் ஸ்பேசர் என்னும் இடைக்கட்டை வைத்து 4 அங்குலம் உயர்த்திய வண்டியில் விஷ்போன் நிற்கும்போதே கீழ் எல்லையை நெருங்கியிருக்கும். பள்ளத்தில் சக்கரம் இறங்க வழியில்லாமல் அந்தரத்தில் சுற்றும். கல் ஏற்றத்தில் நமக்கு வேண்டியது தரையைப் பிடிக்கும் சக்கரம்.

கரும்பாறை:
ஸ்பேசரை நான் ஒருபோதும் ஆதரித்ததில்லை. டிஃபரன்ஷியலையும் கீழ் விஷ்போனையும் பிராக்கெட் வைத்து இறக்கிப் பொருத்துவதுதான் முறையான 4 அங்குல வேலை. ஆக்சில் தண்டின் கோணம் பழையபடியே இருக்கும்.

அச்சாணி:
இருக்கும். ஆனால் இறக்கிவைத்த பாகங்கள் பழைய உயரத்திலேயே தரைக்கு அருகில் தொங்கும். முன்பக்கத்தில் கிடைக்க வேண்டிய இடைவெளி அங்கேயே போய்விடுகிறது. பின் டிஃபரன்ஷியலோ ஆக்சிலின் நடுவில் இருப்பது. எந்த லிஃப்ட் கிட்டும் அதை ஒரு மில்லிமீட்டர்கூட உயர்த்தாது. டயர் மட்டுமே உயர்த்தும், அதே 21 மி.மீ. நீங்கள் காப்பாற்றுவது வயிற்றை மட்டும்.

ஒப்பிட ஒரு வண்டி சொல்கிறேன். ஜீப் கம்பெனி 2021-இல் ராங்லர் ரூபிகானுக்கு 35 அங்குல டயருடன் எக்ஸ்ட்ரீம் ரீகான் தொகுப்பைக் கொடுத்தது. அதற்காக அவர்கள் உயர்த்தியது 1.5 அங்குலம். கூடவே மட்கார்டு விளிம்பை மாற்றினார்கள், ஆக்சில் விகிதத்தை (டிஃபரன்ஷியலின் பல்சக்கர விகிதத்தை) 4.56 ஆக்கினார்கள், ஸ்டெப்னியின் எடைக்காகப் பின்கதவை வலுவாக்கினார்கள். பெரிய டயருக்கு எது எது தேவை என்று கம்பெனியே காட்டிய பட்டியல் அது. உயரம் அதில் சிறிய பங்கு.

பட்டறை சேகரன்:
நான் பட்டறை வைத்திருப்பவன். லிஃப்ட் கிட் வாங்குவதற்கு முன்னால் 285/70 R17 ஒன்றை, நீங்கள் வாங்கப்போகும் அதே ஆஃப்செட் ரிம்மோடு கடன் வாங்குங்கள். முன் ஸ்பிரிங்கைக் கழற்றி, ஷாக் அப்சார்பரை மட்டும் வைத்து, ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றுங்கள். ஸ்டாண்டு இல்லாமல் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்புங்கள். மட்கார்டின் உள்பிளாஸ்டிக்கில் சாக்பீஸ் பூசி வைத்தால் டயர் தொட்ட இடம் துல்லியமாகத் தெரியும். பிளாஸ்டிக் மட்டும் தொட்டால் வெட்டிச் சூடு காட்டி வளைத்துவிடலாம். இரும்பு தொட்டால் பம்ப் ஸ்டாப்பை எவ்வளவு நீட்ட வேண்டும் என்பதற்கு உங்களுக்கே விடை கிடைத்துவிடும்.

கம்பெனிக் கிட்டோ வெளிக் கிட்டோ, போட்ட அன்றே வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடி ஸ்பிரிங் அமர்ந்ததும் இன்னொரு தடவை பாருங்கள்.

தாமிரக்கரை:
சட்டத்தை யாருமே பேசவில்லையே? மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான். 2 அங்குலமும் மாற்றம்தான், 4 அங்குலமும் மாற்றம்தான். 255/65 R18-லேயே சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் பொதுவான நல்ல ஆல்-டெரெய்ன் டயர் கிடைக்கிறது. காற்றைக் குறைத்து ஓட்டிப் பழகினால் எஸ்டேட் பாதைக்கு அதுவே போதும்.

அச்சாணி:
தாமிரக்கரை சொன்னதை யாரும் தட்டிக்கழிக்க வேண்டாம். வாரம் முழுவதும் பொதுச்சாலையில் ஓடுகிற வண்டி இது. பாதுகாப்பும் அதில் அடங்கும். வண்டி கவிழாமல் நிற்கும் தன்மையை, இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். உயரம் ஏறினால் அந்த எண் குறையும். மலைச் சாலை வளைவில் எதிரே பஸ் வரும்போது ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினால் அது தெரியும். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு 2020-இல் தாருக்குக் கொடுத்த 4 நட்சத்திரமும் கம்பெனி உயரத்தில், கம்பெனி டயரில் இருந்த வண்டிக்குத்தான். கூடவே, 285/70 R17 போட்டால் ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 84-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். கனமான டயரை நிறுத்தப் பிரேக்குக்கும் தூரம் கூடுதலாக வேண்டும்.

மேட்டுப்பாளையத்தான்:
எல்லோருக்கும் நன்றி. 265/70 R17 போட்டால்? விட்டம் 803 மி.மீ. என்று கணக்கு வருகிறது.

அச்சாணி:
உங்கள் பயன்பாட்டுக்கு அதுதான் சரியான அளவு. மேல்நோக்கி 7 மி.மீ. மட்டுமே கூடும். சேகரன் சொன்ன சோதனையை இந்த டயரோடு செய்யுங்கள். எங்கும் தொடவில்லை என்றால் லிஃப்ட் கிட்டையே வாங்காதீர்கள்.

கரும்பாறை:
எனக்கு உடன்பாடில்லை. அந்த எஸ்டேட்டில் பாறை மேடு இருந்தால் வயிறு இடிக்கத்தான் போகிறது. ஆனால் வார நாட்களில் சாலையில் ஓடும் வண்டி என்பதால் ஒன்றை ஏற்கிறேன். கிட்டுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் கியர்பாக்ஸுக்கும், விசையை முன் பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அடியில் 4 மி.மீ. இரும்புத் தகடு போடுங்கள். மழைக்காலம் முடியும்வரை ஓட்டிவிட்டு அந்தத் தகட்டில் விழுந்திருக்கும் கீறல்களைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். அதைப் பார்த்துவிட்டு உயரத்தைப் பற்றிப் பேசுவோம்.