முகத்துடிப்புக்கு நரம்பு மரப்பு ஊசி: போட்டுக்கொண்டவர்களின் அனுபவங்கள்

காவிரிக்கரை:
இடது கண்ணிமையில் தொடங்கிய துடிப்பு கன்னத்துக்கு இறங்கி, பின்னர் வாயோரத்தையும் இழுத்தது. ஆண்களுக்கு இடக்கண் துடித்தால் ஆகாது என்று வீட்டில் ஆளுக்கொரு பரிகாரம் சொன்னார்கள். மாத்திரைகள் தூக்கத்தைத் தந்தனவே தவிர, துடிப்பைக் குறைக்கவில்லை. வலி மருத்துவர் ஒருவர் காதுமடலுக்குக் கீழே, முகநரம்பு மண்டையோட்டிலிருந்து வெளிவரும் இடத்துக்கு அருகில், மரப்பு மருந்தைச் செலுத்திவிட்டு, "பல்லைக் காட்டுங்கள்" என்றார். வலப்பக்கம் மட்டுமே சிரித்தது. குடிக்கக் கொடுத்த தண்ணீர் இடது வாயோரமாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. மூட முடியாத கண்ணுக்குக் களிம்பிட்டு இமையை ஒட்டினார்கள். ஆயினும் முகம் துடிக்கவில்லை! சில மணி நேரத்தில் மரப்பு விலகியதும் துடிப்பு திரும்பிவிட்டது. இதையே நிரந்தரமாகச் செய்ய இயலாதா?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
நிரந்தரமாகச் செய்வது முகவாதத்தை விலை கொடுத்து வாங்குவதாகும், ஐயா. முற்காலத்தில் நரம்பில் ஆல்கஹாலைச் செலுத்தியபோது துடிப்போடு முகத்தின் அசைவும் சேர்ந்தே நின்றது. நான் பொட்டாக்ஸ் என்னும் தசையைத் தளர்த்தும் ஊசியைப் போட்டுக்கொள்கிறேன். ஒருமுறை மேலிமை இறங்கியதால், தலையை அண்ணாந்தபடியே வகுப்பெடுத்தேன். பொட்டாக்ஸ் நரம்பை மரக்கச் செய்வதில்லை. நரம்பு தசைக்குக் கட்டளையிடப் பயன்படுத்தும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளிப்படுவதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 1989-இலேயே கண்ணிமைத் துடிப்புக்கு அதை அனுமதித்துவிட்டார்கள். சில நாள்களில் பலன் தெரியும், ஏறத்தாழ 3 மாதம் நீடிக்கும். முதல்முறை குறைந்த அளவே கேளுங்கள். தசைச்சோர்வு நோய் இருப்பின் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கண் உலராமலிருக்கச் சொட்டு மருந்தைக் கைவசம் வைத்திருங்கள். மருந்து குறையத் தொடங்கும் தேதியைக் குறித்துவந்தால் அடுத்த ஊசியைத் திட்டமிடலாம். வாயோரத்தில் போடுவதற்கு அவசரப்படாதீர்கள். அங்கே சற்றுக் கூடினாலும் சிரிப்பு கோணிவிடும்.

தாம்பரம் வாசி:
ஆசிரியை அம்மா காரணத்தைத் தொடவேயில்லை. என் தந்தைக்கு உறக்கத்திலும் கன்னம் துடிக்கும். விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அம்மா உறங்காமல் அமர்ந்திருப்பார். மூளைத்தண்டிலிருந்து நரம்பு புறப்படும் இடத்தில் இரத்தக்குழாய் அழுத்துவதை எம்.ஆர்.ஐ. காட்டியது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் நரம்பு அறுவை மருத்துவர் பீட்டர் ஜானெட்டா பரவலாக்கிய அறுவை முறையில் குழாயை விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சை வைத்தார்கள். துடிப்பு நின்றது, அந்தப் பக்கத்துக் காது மந்தமாகிவிட்டது. செவி நரம்பு அருகிலேயே செல்வதால் அந்த ஆபத்து உண்டென்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இரு கண்களும் சேர்ந்து இறுக மூடிக்கொள்பவர்களுக்கு இவ்வறுவை பொருந்தாது. அது வேறு நோய்.

காவிரிக்கரை:
தந்தைக்கு எந்த வயதில் செய்தார்கள் என்று சொல்ல முடியுமா?