மில் நம்பர் வெட்டிய ஸ்பேனர்

கிங் டிக் கம்பெனியின் விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு) ஸ்பேனர் செட் ஒன்றை உதிரி உதிரியாகச் சேர்த்து வருகிறேன். பர்மிங்காம் சரக்கு. பழைய லிஸ்டர் ஆயில் இன்ஜினைக் கழற்றிப் பூட்டுபவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நடுவில் 3/8 மட்டும் சிக்காமல் இருந்தது. கோவை உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற பெரியவர், "என்ன சைஸுங்க தம்பி தேடறீங்க?" என்றார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்தவராம். மூணு நூல் (3/8 அங்குலம்) என்றதும் குனிந்து, பச்சை பெயின்ட் அப்பிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கம்பெனி பெயரே தெரியவில்லை. சுரண்டிப் பார்த்தால் கிங் டிக்!

"எப்படிங்கய்யா கண்டுபிடிச்சீங்க?"

"முப்பது வருசம் கையில புடிச்சதுங்க. பச்சைன்னா ரிங் ஃபிரேம், நூல் நூக்கற டிபார்ட்மென்ட். எங்க மில்லுல ஆளுக்கொரு நம்பரும் வெட்டியிருப்பாங்க, பாருங்க."

பிடியில் 14 என்று வெட்டியிருந்தது.

புதிதாகத் தேடுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விட்வொர்த் ஸ்பேனரில் போட்டிருப்பது போல்ட்டின் விட்டம், வாயின் அகலம் அல்ல. 3/8 என்றால் வாய் 0.710 அங்குலம், கிட்டத்தட்ட 18 மி.மீ. அதனால் அவசரத்துக்கு 18 ஸ்பேனர் சரியாக உட்காரும். ஆனால் 1/2 நட்டு 23.4 மி.மீ.; 23 ஏறாது, 24 போட்டால் மூலை மழுங்கிவிடும். ஒரே வாயில் 3/8 டபிள்யூ (விட்வொர்த்), 7/16 பிஎஸ் (பிஎஸ்எஃப், நெருக்கமான மரை உள்ள வகை) என்று இரண்டு அளவு இருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே விட்டமுள்ள போல்ட்டுக்கு பிஎஸ்எஃப் நட்டு விட்வொர்த்தைவிட ஒரு சைஸ் சின்னது. இரண்டாம் உலகப்போரில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் நட்டையும் அந்த அளவுக்கே குறைத்தார்கள். எனவே எழுத்தை மட்டும் நம்பாமல் வெர்னியர் வைத்து வாயை அளந்து வாங்குங்கள். வாய் விரிந்துபோனதும் அப்போதே தெரிந்துவிடும்.

சுத்தம் செய்ய மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுப் பித்தளை பிரஷால் தேய்த்தாலே போதும். பஃபிங் வேண்டவே வேண்டாம், குரோம் பூச்சும் வேண்டாம். பளபளப்பு வரும், முத்திரை போய்விடும். முத்திரையைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த 14தான். 1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் இங்கே மில்கள் எவ்வளவோ பெருகின. பல மூடியபின் சாமான் எல்லாம் எடைக்குப் போயின. எந்தக் கையில் இருந்தது என்பதற்கு இருக்கிற ஒரே அடையாளம் இப்படி வெட்டிய நம்பரும் பெயின்ட்டும்தான். அதனால் என் செட்டில் பச்சை, சிவப்பு, வெறும் இரும்பு என்று எல்லாம் கலந்தே இருக்கும். ஒரே நிறமாக்கும் எண்ணம் இல்லை.

இன்னும் 9/16 வேண்டும். ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் கண்ணில் பட்டால் சொல்லுங்க. பெயின்ட்டைச் சுரண்டாமல் அப்படியே வைத்திருங்க.