2011 இங்கிலாந்துப் பயணத் தோல்விக்கு ஜாகீர் கானின் காயம்தான் காரணமா?

கோத்தகிரி ஸ்லிப்காரன்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இன்னும் தீராத ஒரு வழக்கை இங்கே வைக்கிறேன். 2011 உலகக் கோப்பையை வென்ற அதே ஆண்டில், டெஸ்ட் தரவரிசையில் முதலிடத்துடன் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணி, நான்கு டெஸ்டுகளையும் தோற்று, அந்த முதலிடத்தையும் இங்கிலாந்திடமே கொடுத்துவிட்டுத் திரும்பியது. ஆட்டம் நம் நேரப்படி மாலை மூன்றரைக்குத் தொடங்கும் என்பதால், தேயிலை எடை போட்டு முடித்தவர்கள் எல்லாரும் கடைத் தொலைக்காட்சி முன் கூடிவிடுவார்கள். இரவு ஏழு மணிக்குள் பாதிப்பேர் எழுந்து போய்விடுவார்கள். முதல் டெஸ்ட் நடந்த லார்ட்ஸில் முதல் நாளே வேகப்பந்து வீச்சாளர் ஜாகீர் கான் தொடைத்தசை பிடித்துக்கொண்டு வெளியேறினாரே, அதுதான் முழுத் தொடரையும் கவிழ்த்தது என்பது என் சித்தப்பாவின் கட்சி. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மறுத்துச் சொல்லக் கையில் விவரமும் இல்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குன்னூர் ஸ்கோரர்:

நண்பரே, தங்கள் சித்தப்பாவிடம் எட்டு எண்களை எழுதிக் கொடுங்கள்: 286, 261, 288, 158, 224, 244, 300, 283. அந்த நான்கு டெஸ்டுகளில் இந்தியாவின் எட்டு இன்னிங்ஸ்கள் இவை. ஒருமுறைகூட முந்நூறைத் தாண்டவில்லை. மூன்றாம் டெஸ்ட் நடந்த எட்ஜ்பாஸ்டனில் இங்கிலாந்து 7 விக்கெட்டுக்கு 710 எடுத்து டிக்ளேர் செய்தது, அதில் குக் ஒருவரே 294. அந்தப் போட்டியில் நம்மவர்கள் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து எடுத்தது 468. இன்னிங்ஸ் மற்றும் 242 ரன் வித்தியாசத்தில் தோற்ற ஓர் ஆட்டத்தை ஒரு பந்துவீச்சாளர் வந்து காப்பாற்றியிருப்பார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதைவிட நேரடியான சான்று, சில மாதங்கள் கழித்து நடந்த ஆஸ்திரேலியப் பயணம். அங்கே ஜாகீர் நான்கு டெஸ்டுகளிலும் ஆடினார். முடிவு அதே 4-0. அந்தத் தொடரில் இந்தியா கண்ட ஒரே சதம், அடிலெய்டில் கோலி எடுத்த 116.

கூடலூர் வேகம்:

குன்னூர் ஐயா சொல்லும் கணக்கு சரியே, ஆனால் சித்தப்பாவை அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடாது. லார்ட்ஸில் ஜாகீர் 13.3 ஓவர்கள் வீசி, 18 ரன் மட்டும் கொடுத்து, இரு தொடக்க ஆட்டக்காரர்களையும் வெளியேற்றியிருந்தார். அவர் போனபின் பீட்டர்சன் இரட்டைச் சதம் அடித்தார். இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 62 ரன்னுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து நின்றபோது, இஷாந்துக்குத் துணையாக மறுமுனையில் ஒரு முதிர்ந்த கை இருந்திருந்தால், மேட் பிரையர் சதம் வரை போயிருப்பாரா? இரண்டாம் டெஸ்ட் நடந்த டிரென்ட் பிரிட்ஜிலும் முதல் இன்னிங்ஸில் அவர்களை 221-க்குச் சுருட்டிவிட்டு, நாம் 4 விக்கெட்டுக்கு 267 என்று நின்றோம். பிராட் ஹாட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்) எடுக்க, 288-க்கு எல்லாரும் வெளியே. அந்த ஹாட்ரிக்கில் ஹர்பஜனுக்குக் கொடுத்த எல்பிடபிள்யூவில் (ஸ்டம்புக்கு நேரே வந்த பந்து காலில் பட்டதற்கான அவுட்) பந்து முதலில் மட்டையில் பட்டிருந்தது. எல்பிடபிள்யூவை, நடுவர் தீர்ப்பை மறுபரிசீலிக்கக் கேட்கும் டிஆர்எஸ் முறையில் சேர்க்கக் கூடாது என்று இந்திய வாரியமே பிடிவாதமாக இருந்ததால் முறையிட வழியில்லை. தன் வினை தன்னைச் சுட்டது என்றுதான் அன்று கடையில் பேசிக்கொண்டோம். முதல் இரண்டு போட்டிகளும் நம் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தன. அடுத்த இரண்டுதான் ஒருதலைப் போட்டிகள் ஆயின.

ஊட்டி மேட்டிங்:

நான் பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன் என்பதால், காயத்தையும் எண்களையும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய மாதங்களைப் பார்க்கிறேன். எங்கள் பையன்கள் சிமெண்ட் மேல் விரித்த மேட்டிங்கில் ஆடிப் பழகியவர்கள். பந்து இடுப்புக்கு மேலே எழும், அதைப் பார்த்துப் பின்காலில் நின்றே ஆடுவார்கள். அவர்களே காலையில் மலை இறங்கி மேட்டுப்பாளையத்துக்கோ கோவைக்கோ போய், அன்றே புல்தரையில் ஆடினால், தாழ்ந்து வரும் முதல் பத்துப் பந்துகளில் மூவர் கால்காப்பில் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். திறமை குறைவதில்லை; கண்ணும் காலும் பழகவில்லை, அவ்வளவுதான்.

இந்திய அணியின் நாட்குறிப்பைப் பாருங்கள். ஏப்ரல் 2 உலகக் கோப்பை இறுதி, அடுத்த வாரமே ஐபிஎல், மே இறுதி வரை அது, பிறகு மேற்கிந்தியத் தீவுகள். அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட் ஜூலை 10 அன்று முடிய, லார்ட்ஸ் டெஸ்ட் ஜூலை 21 அன்று தொடங்கியது. இடையில் கிடைத்தது சோமர்செட் என்ற கவுண்டி (உள்ளூர் மாவட்ட) அணியுடன் மூன்று நாள் ஆட்டம் ஒன்று மட்டும். அதில்கூட இங்கிலாந்துத் தலைவர் ஸ்ட்ராஸ் சோமர்செட்டுக்காக விருந்தினராக இறங்கி, நம் பந்துவீச்சிலேயே சதமும் அடித்து, தம் பயிற்சியை முடித்துக்கொண்டு போனார்! 1971-இல் வடேகர் தலைமையிலான இந்திய அணி ஓவலில் வென்ற கோடையில், டெஸ்டுகளுக்கு முன்னும் இடையிலும் கவுண்டி அணிகளுடன் வாரக்கணக்கில் ஆடியிருந்தார்கள். சந்திரசேகர் 38 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 101-இல் முடித்தது அந்த நீண்ட பயணத்தின் கடைசிப் பகுதியில்தான்.

பந்தும் வேறு. அங்கே பயன்படும் டியூக்ஸ் பந்தின் தையல் புடைப்பாகவே நீண்ட நேரம் நிற்கும், மெருகும் எளிதில் போகாது. நாற்பது ஓவர் கழிந்தபின்னும் ஆண்டர்சன் அதை வெளியே வளைப்பார். தோள் அறுவைச் சிகிச்சைக்குப் பின் மூன்றாம் டெஸ்டுக்கு வந்த சேவாக், இரண்டு இன்னிங்ஸிலும் முதல் பந்திலேயே ஆட்டமிழந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

டிராவிட் மட்டும் எப்படி நின்றார் என்று கேட்பீர்கள். அவர் பந்தைத் தேடிப் போகவில்லை. கண்ணுக்குக் கீழே வரவிட்டு, தாமதமாக, தளர்ந்த கைகளால் ஆடினார், ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போனதை விட்டுவிட்டார். மூன்று சதங்கள், மொத்தம் 461 ரன்கள். கடைசி டெஸ்டில், ஓவலில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 146 உடன் கடைசி வரை ஆட்டமிழக்காமல் நின்றவர், ஃபாலோ ஆன் (பின்தங்கிய அணியே உடனே மீண்டும் ஆட வேண்டிய நிலை) வந்ததும் சில நிமிடங்களில் மீண்டும் கால்காப்பைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார். அவரும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தவர்தான், ஆகவே நாட்குறிப்பு எல்லாவற்றையும் விளக்கிவிடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவுண்டி கிரிக்கெட்டில் கென்ட் அணிக்காக ஒரு முழுப் பருவம் ஆடியவர் அவர் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

கோத்தகிரி ஸ்லிப்காரன்:

மூவருக்கும் நன்றி. எட்டு எண்களைச் சித்தப்பாவிடம் காட்டினேன்; "62-க்கு 5" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கூடலூர்க்காரர் தன் பக்கம் என்று சொல்லிவிட்டார். ஊட்டி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த மாதம் எங்கள் அணிக்குக் கோவையில் புல்தரை ஆட்டம் இருக்கிறது. இரண்டு நாள் முன்பே இறங்கிவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அங்கே வலைப்பயிற்சிக்கு இடம் யாரிடம் கேட்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.