பகிடிவதை: வன்னியில் இருந்து கம்பஸ் போனவர்கள் எழுதுங்கள்

முல்லைத்தீவு, முன்னாள் மாணவி:

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வந்துவிட்டது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கம்பஸ் போக ஆயத்தமாகிறார்கள். அவர்களுக்காகப் பகிடிவதை (றாக்கிங்) பற்றி எழுதுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே எழுதுங்கள்.

எனக்குக் கிடைத்தது வேறு மாகாணத்தில் ஒரு பல்கலைக்கழகம். விடுதிக்குப் போன முதல் இரவே சீனியர் அக்காமார் அறைக்கு வந்தார்கள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட வேண்டும், போனைத் தொடக்கூடாது, நிமிர்ந்து பார்க்கக்கூடாது. சரி என்று எல்லாம் செய்தேன். அப்புறம் ஒவ்வொருவராக எழுப்பிக் குடும்ப விபரம் கேட்டார்கள். என் முறை வந்தபோது, அப்பா 2009 யுத்தத்தில் மாத்தளனில் செத்துப்போனார் என்றேன். "அதைச் சிரிச்சுக்கொண்டு திரும்பச் சொல்லு" என்றார் ஒரு அக்கா. நான் சொல்லவில்லை. எழும்பி வெளியே போய்விட்டேன்.

கஷ்டம் தாங்கப் பழக்குகிறோம் என்பதுதான் அவர்கள் சொல்லும் நியாயம். செட்டிகுளம் அகதி முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் என்ன கஷ்டம் பழக்க இருக்கிறது? யார் சொன்னாலும் இதை நம்பாதீர்கள்.

அடுத்த நாளில் இருந்து எங்கள் பட்ச்சில் யாரும் என்னோடு கதைக்கவில்லை. கதைத்தால் அவர்களுக்கும் குப்பி (சீனியர்மார் ஜூனியர்மாருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு) இல்லை என்று சீனியர்மார் சொல்லிவைத்திருந்தார்கள். பகிடிவதை உயிரோடு இருப்பது இந்தப் பயத்தில்தான். சோதனை நேரத்தில் எடுக்கிற குப்பி வகுப்பு, பழைய வினாத்தாள், நோட்ஸ் எல்லாம் சீனியர்மார் கையில் இருக்கின்றன. அதுவரை தமிழில் படித்துவிட்டு முதல் தடவையாக ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிற பிள்ளைக்கு அவை இல்லாமல் முடியாது. அடிக்குப் பயந்து அடங்குகிறவர்களைவிட, தனித்துப்போய்விடுவோம் என்று பயந்து அடங்குகிறவர்கள்தான் கூட.

எனக்குக் கைகொடுத்தவர் மூன்றாம் வருடத்தில் இருந்த ஒரு வவுனியா அக்கா. தன் பட்ச்சுக்குத் தெரியாமல் நோட்ஸ் தந்தார். மாணவர் ஆலோசகரிடம் கூட்டிப்போனவரும் அவர்தான். எழுத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகு எனக்கு வேறு விடுதி தந்தார்கள்.

கிளிநொச்சி, ஒரு தாய்:

பிள்ளை, வாசித்துவிட்டு அழுதுவிட்டேன்.

என் மகன் கிழமை நடுவில் திடீரென்று வீட்டுக்கு வந்தான். காய்ச்சல் என்றான். தொடையைத் தொடவிடவில்லை. சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போகிறது என்று தம்பியிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டொக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவனிடம் தனியாகக் கதைத்தார். வெளியில் ஒரு வாடகை அறைக்குக் கூப்பிட்டு, விழும்வரை திரும்பத் திரும்பக் குந்தியிருந்து எழும்ப வைத்திருக்கிறார்கள்.

அளவுக்கு மீறி அப்படிச் செய்தால் தசை சிதைந்து, அதில் இருந்து வருவது இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைப் பழுதாக்குமாம். நேரத்துக்குக் கொண்டுவந்ததால் சேலைன் ஏற்றிக் காப்பாற்றினார்கள். 1997 இல் பேராதனை பொறியியல் பீடத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் சிறுநீரகம் செயலிழந்துதான் செத்தது என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தாய்மாரே, கம்பஸால் வந்த பிள்ளை தொடை நோகுது என்றால், சிறுநீர் கறுத்துப் போனால், பனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள்.

மகன் முறைப்பாடு வேண்டாம் என்கிறான். நடந்தது கம்பஸுக்கு வெளியே, அதனால் ஒன்றும் செய்ய ஏலாதாம். உண்மையா?

மல்லாவி, உயர்தர ஆசிரியர்:

உண்மை இல்லை அம்மா. வரப்பிரகாஷ் இறந்த அடுத்த வருடமே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம். கல்வி நிறுவனத்துக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும் குற்றம்தான் என்று அதில் தெளிவாக இருக்கிறது. பகிடிவதைக்கு 2 வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை. நட்டஈடும் கட்டச் சொல்லலாம். உடம்பில் காயம் இருக்கவேண்டும் என்றுகூட இல்லை, மனவேதனையும் பயமும் போதும். அந்தத் தங்கச்சிக்கு முதல் இரவு நடந்ததும் இதற்குள் வரும். பொலிஸில் முறையிடலாம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு இணையத்தாலும் முறைப்பாடு அனுப்பலாம்.

சட்டம் இருந்தும் ஏன் நிற்கவில்லை என்பதற்குத் தங்கச்சி குப்பி பற்றி எழுதியதுதான் பதில் என்று நினைக்கிறேன். என்னிடம் படித்த சில பிள்ளைகள் இப்போது லீவில் வரும்போது, புதிதாகப் போகிறவர்களைப் பாடசாலையிலேயே சந்தித்து நோட்ஸ் கொடுக்கிறார்கள், போன் இலக்கம் கொடுக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகர், வவுனியா பம்பைமடு கம்பஸ்களில் படிக்கிற எங்கள் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: யார் றாக்கிங்குக்கு வந்தது, யார் வராதது என்று பார்க்காமல் குப்பி எடுங்கள்.

முல்லைத்தீவு, முன்னாள் மாணவி:

அம்மா, ஆஸ்பத்திரித் துண்டையும் இரத்தப் பரிசோதனை அறிக்கையையும் பத்திரமாக வையுங்கள், பிறகு தேவைப்படும். தம்பியைக் கட்டாயப்படுத்த வேண்டாம். என் இலக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன், விருப்பம் என்றால் அவர் எடுக்கட்டும். முறைப்பாட்டுக் கடிதத்தை அவரோடு இருந்து எழுத நான் தயார்.