தாமிரக் குவியலில் ஈரப்பத சென்சார் தாறுமாறாகக் காட்டுகிறது, உதவி தேவை

வணக்கம். சிலியில் அன்டோஃபகஸ்டா பக்கம் ஒரு தாமிரச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். அமிலம் விட்டுத் தாமிரத்தைக் கரைத்தெடுக்கத் தாதுவை அடுக்கிய 6 மீட்டர் உயரச் சோதனைக் குவியலில் 12 வயர்லெஸ் சென்சார்களை 0.5, 1.5, 3 மீட்டர் ஆழங்களில் புதைத்தோம். விவசாய மண்ணுக்கான கெப்பாசிட்டன்ஸ் வகை (சுற்றியுள்ள பொருளின் மின்தேக்கு திறனை வைத்து ஈரத்தைக் கணக்கிடுவது), 70 மெகாஹெர்ட்ஸ். லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் அனுப்பும்) ரேடியோ பெட்டி மேலே கம்பத்தில் இருக்கிறது. சிக்னலில் குறையே இல்லை.

சொட்டுக் குழாயில் கந்தக அமிலக் கரைசலை மணிக்குச் சதுர மீட்டருக்கு 6 லிட்டர் விட்டோம். கரைசல் தொட்ட சென்சார் ஒவ்வொன்றும் கன அளவில் 60 சதவீத ஈரத்துக்கு மேல் எகிறி அங்கேயே நிற்கிறது. நான்காம் நாளில் 3 மீட்டர் ஆழ சென்சார்களும் அப்படியே போச்சு. அவ்வளவு நீர் நிற்கக் குவியலில் கற்களுக்கிடையே இடைவெளியே கிடையாது!

கேபிள் மாற்றினோம், சொட்டை 2 நாள் நிறுத்திப் பார்த்தோம். எண் இறங்கவில்லை. ஒன்றைத் தோண்டி எடுத்தால் முள்ளெல்லாம் நீலப் படிகம், ஆனால் சென்சாரை மூடியிருக்கும் எபாக்சி பிசினில் விரிசல் இல்லை. அப்புறம் அதே தாதுவை வாளியில் போட்டுச் சோதித்தோம்: குழாய்த் தண்ணீரில் சரியாகக் காட்டுகிறது, அமிலக் கரைசலில் மறுபடி 60. கரைசலின் மின்கடத்துதிறன்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த குவியல் அடுக்க 3 வாரம்தான் இருக்கிறது. இவ்வளவு கடத்தும் அமிலக் கரைசலில் நம்பி வைக்கக்கூடிய ஈரப்பத சென்சார் எது, யாராவது களத்தில் பயன்படுத்தியிருக்கிறீர்களா?