ஜோ பிரேசியரின் இடது கை

கேள்வி (கோத்தகிரி):
வணக்கம். குத்துச்சண்டை வீரர் ஜோ பிரேசியரை நேசிப்பவர்கள் நம் மலைப்பக்கம் எவரேனும் இருக்கிறீர்களா? முகமது அலியைப் பற்றிப் பேச எத்தனையோ பேர் உண்டு. 1971 மார்ச் 8 அன்று நியூயார்க்கில், பதினைந்தாவது சுற்றில், அதே அலியை இடது கைக் குத்து ஒன்றால் தரையில் சாய்த்தவரை நாம் ஏன் மறந்தோம் என்பது எனக்குப் பெரும் ஆற்றாமையாக இருக்கிறது.

பதில் (வெலிங்டன்):
மறக்கவில்லை, தம்பி. சிறுவயதில் அவர் கந்தலும் செங்கல்லும் திணித்த மூட்டையைக் குத்திப் பழகினார் என்று அறிந்த நாளிலேயே, நானும் அண்ணனும் கோணிப்பையில் கந்தல் அடைத்து, வீட்டுக்குப் பின்னிருந்த சில்வர் ஓக் மரத்தில் தொங்கவிட்டோம். பன்றி துரத்தியபோது விழுந்து அடிபட்ட அவருடைய இடது கை பிறகு முழுமையாக நீளவே இல்லை. மடங்கி நின்ற அந்தக் கைதான் உலகையே அஞ்சவைத்தது.

பதில் (குன்னூர்):
1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் கைப் பெருவிரல் முறிந்த நிலையில் அவர் தங்கம் வென்றதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1975இல் மணிலாவில் அலியுடன் மீண்டும் மோதியபோது, பதினான்காம் சுற்று முடிந்ததும், கண்கள் வீங்கி மூடிக்கிடந்த அவரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் தடுத்து நிறுத்தினார். அவரோ மேலும் மோதவே விரும்பினார். அதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கோத்தகிரி:
ஐயா, அந்த மரம் இன்னும் இருக்கிறதா?

வெலிங்டன்:
இருக்கிறது. கயிறு உரசிய கிளையில் பட்டை தேய்ந்த வடு இன்றும் தெரிகிறது.